அவசரப்படாத நோய்

அண்ணி தொலைபேசியில் பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது. பக்கத்தில் அண்ணன் இருந்திருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளின் தோழிக்கு "அந்தப் புற்றுநோய் ஊசி" போட்டுவிட்டார்களாம், நம் பிள்ளைக்கும் போடலாமா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்வியும் வந்தது. "அது கல்யாணம் ஆனவர்களுக்கு வருகிற நோய்தானே? வயதுக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகாத பிள்ளைக்கு எதற்கு?"

இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட்டே பல வீடுகளில் ஊசி தள்ளிப்போகிறது. அண்ணி கேட்டது கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசியைப் பற்றி. அன்று அவருக்கு அரைகுறையாகச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் இடம் எது என்று தெரிய வேண்டும். ஒரு சுரைக்குடுக்கையைத் தலைகீழாகப் பிடித்தால் கருப்பையின் வடிவம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். அகன்ற பகுதியில் குழந்தை வளர்கிறது. கீழே ஒடுங்கி, பிறப்புறுப்புப் பாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குட்டையான கழுத்துதான் கருப்பைவாய். மாதவிடாய் இரத்தத்தை வெளியே விடுவதும், பிரசவத்தில் விரிந்து குழந்தைக்கு வழி விடுவதும் இந்தக் கழுத்துதான். இதன் வெளிப்புறத்தைப் பல அடுக்குச் செல்கள் தோல்போல் மூடியிருக்கின்றன. உட்புறக் குழாயில் இருப்பது ஒற்றை அடுக்கு. இரண்டும் சந்திக்கும் எல்லை ஓரிடத்தில் நிற்பதில்லை. பெண் பருவமடையும்போதும் பிள்ளை பெறும்போதும் நகர்கிறது, ஒரு வகைச் செல் இன்னொரு வகையாக உருமாறுகிறது. கட்டட வேலை நடந்துகொண்டே இருக்கும் வீட்டில் திருடன் நுழைவது எளிது அல்லவா? இந்த நோய்க்கான வைரஸ் தேடி வருவது பெரும்பாலும் அந்த எல்லைக்கோட்டைத்தான்.

வைரஸா, புற்றுநோய்க்கா என்று அண்ணியும் கேட்டார். ஆம். கருப்பைவாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ எல்லாமே ஹெச்பிவி என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸின் வேலை. இந்தக் குடும்பத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பெரும்பாலானவை சாதுவானவை, கை கால்களில் மரு வரவழைப்பதோடு சரி. சுமார் பதினான்கு வகைகள் புற்றுநோய் வரை போகக்கூடியவை. அவற்றிலும் 16, 18 என்று எண்ணிடப்பட்ட இரண்டு மட்டுமே உலகில் இந்நோய் வரும் பெண்களில் நூற்றுக்கு எழுபது பேருக்குக் காரணம்.

இதைக் கண்டுபிடித்த கதை 1842இல் தொடங்குகிறது. இத்தாலியின் வெரோனா நகரத்து இறப்புப் பதிவேடுகளைப் புரட்டிய ரிகோனி ஸ்டெர்ன் என்ற மருத்துவர், கருப்பைப் புற்றுநோய் மணமான பெண்களிடம் அதிகமாகவும் கன்னியாஸ்திரீகளிடம் அரிதாகவும் இருப்பதைக் கவனித்தார். உடலுறவின் வழியே ஏதோ ஒன்று தொற்றுகிறது என்ற ஊகத்துக்கு அது விதை. அந்த ஏதோ ஒன்று எது என்று தெரிய நூற்றி நாற்பது ஆண்டுகள் ஆயின. 1970களில் பலருக்கும் ஹெர்பிஸ் வைரஸ் மீதுதான் சந்தேகம். ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்டு சூர் ஹாசன் மட்டும், இது மருவை உண்டாக்கும் வைரஸின் உறவாகத்தான் இருக்க வேண்டும் என்று விடாப்பிடியாகச் சொல்லிவந்தார். அவருடைய ஆய்வகம் 1983இல் 16ஆம் வகையையும் அடுத்த ஆண்டு 18ஆம் வகையையும் கட்டிகளிலிருந்து பிரித்தெடுத்தது. 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 18ஆம் வகை வைரஸ், உலக ஆய்வகங்களெல்லாம் வளர்த்துவந்த ஹீலா செல்களுக்குள்ளும் இருந்தது. அந்தச் செல்கள், 1951இல் பால்டிமோர் நகரில் இதே நோயால் இறந்த ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணுடையவை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுக்கப்பட்டவை. பெண்ணிடம் கேட்காமல் செய்வது என்ற வழக்கம் இந்த நோயின் வரலாற்றில் இன்னொரு முறையும் தலைகாட்டும்.

இப்போது அந்த வெரோனாக் குறிப்பை வைத்துக்கொண்டு நாம் செய்யும் தவறுக்கு வருகிறேன். உடலுறவால் தொற்றுவது என்று கேட்டதுமே "அப்படிப்பட்டவர்களுக்கு வருவது" என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. உண்மையில் தாம்பத்திய வாழ்க்கையைத் தொடங்கிய ஆண், பெண் இருபாலரிலும் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இந்த வைரஸ் தொற்றத்தான் செய்கிறது. ஆணுக்கு அடையாளமே தெரியாது. பிறப்புறுப்புப் பகுதியின் தோல் உரசினாலே பரவும் என்பதால் ஆணுறைகூடப் பாதி பாதுகாப்புதான். கணவர் ஒருவரைத் தவிர வேறெவரையும் அறியாத பெண்ணுக்கும் வரும். ஜலதோஷம் பிடித்தவரின் ஒழுக்கத்தை யாரும் ஆராய்வதில்லை. இதற்கும் அதே மரியாதையைக் கொடுத்தால் போதும்.

தொற்றியவர்களுக்கெல்லாம் புற்றுநோய் வருமா என்றால், இல்லை. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டே ஆண்டுகளில் உடலே அதைத் துரத்திவிடுகிறது. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சிலருக்கு மட்டும் அது தங்கிவிடுகிறது. தங்கிய வைரஸ், செல்கள் கட்டுமீறிப் பெருகாமல் காவல் காக்கும் இரண்டு புரதங்களைச் செயலிழக்கச் செய்கிறது. காவல் போன வீட்டில் செல்கள் மெல்ல மெல்ல வடிவம் மாறுகின்றன. முதலில் சிறு மாற்றம், பிறகு புற்றுநோய்க்கு முந்தைய நிலை, பிறகுதான் புற்றுநோய். இந்தப் பயணத்துக்குப் பொதுவாகப் பதினைந்து முதல் இருபது ஆண்டுகள் ஆகின்றன. எச்ஐவி தொற்று உள்ள பெண்களுக்கு இது வேகமாக நடக்கிறது. ஆபத்தும் ஆறு மடங்கு. புகைபிடித்தலும், சின்ன வயதில் திருமணமும், அடுத்தடுத்த பிரசவங்களும் ஆபத்தைக் கூட்டுகின்றன.

மற்ற புற்றுநோய்களோடு பழகிய மருத்துவர்கள் இந்தப் பதினைந்து, இருபது ஆண்டு என்பதைச் சொல்லும்போது குரலில் ஓர் ஆதங்கம் வரும். இவ்வளவு அவகாசம் கொடுக்கும் புற்றுநோய் வேறு அதிகம் இல்லை. ஆனாலும் 2022இல் இந்தியாவில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்கு இது புதிதாக வந்தது. கிட்டத்தட்ட 80,000 பேர் இறந்தார்கள் என்பது உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு. ஏறத்தாழ ஏழு நிமிடங்களுக்கு ஒருவர். உலகில் இந்நோயால் இறக்கும் ஐந்து பெண்களில் ஒருவருக்கும் மேல் நம் நாட்டவர்.

காரணம், அந்த அவகாசம் முழுவதும் நோய் வாயைத் திறப்பதில்லை. முந்தைய நிலையில் வலி கிடையாது, இரத்தம் கிடையாது. அறிகுறி தெரியும்போது பெரும்பாலும் கட்டியே உண்டாகியிருக்கும். இரண்டு மாதவிடாய்களுக்கு நடுவே இரத்தம் படுவது, உடலுறவுக்குப் பின் இரத்தக் கசிவு, தீட்டு நின்று வருடங்களான பிறகு மறுபடி இரத்தம், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், அடிவயிற்றிலோ இடுப்பிலோ விடாத வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் நாள் கடத்தாமல் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். தீட்டு நின்ற பின் இரத்தம் பட்டால் "சூடு" என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக் காத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். வெந்தயத்தின் மேல் குறை இல்லை. அது இதற்கான மருந்து அல்ல, அவ்வளவுதான்.

இனி ஊசிக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இயன் ஃபிரேசர் என்ற ஸ்காட்லாந்துக்காரரும் ஜியான் ஷோ என்ற சீனரும் 1991இல் ஒரு வித்தையைச் செய்து காட்டினார்கள். வைரஸின் மேலோட்டுப் புரதங்களை மட்டும் ஆய்வகத்தில் செய்தால், அந்தத் துணுக்குகள் தாமாகவே ஒன்றுசேர்ந்து வைரஸ்போலவே உருண்டை வடிவம் எடுத்தன. உள்ளே மரபுப் பொருள் கிடையாது. நெல்லும் பதரும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். பதரை விதைத்தால் முளைக்காது. இந்தத் தடுப்பூசி அப்படிப்பட்ட பதர். உடலின் எதிர்ப்பு அமைப்பு அதைப் பார்த்து நிஜ வைரஸ் என்றே நம்பி எதிர்ப்பு அணுக்களைத் தயார் செய்துவிடுகிறது. ஊசியால் தொற்றோ புற்றுநோயோ வர வழியே இல்லை. 2006இல் முதல் தடுப்பூசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஜியான் ஷோ அதைப் பார்க்க இல்லை. 1999இலேயே, நாற்பதுகளின் தொடக்கத்தில், இறந்துபோனார்.

அண்ணியின் இரண்டாவது கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஊசி, வராத வைரஸைத் தடுக்கும்; வந்து தங்கிய வைரஸை விரட்டாது. ஆகவே வைரஸைச் சந்திக்க வாய்ப்பே இல்லாத வயதில் போட்டால்தான் முழுப் பலன். அதோடு ஒன்பது முதல் பதினான்கு வயதுக்குள் உடல் காட்டும் எதிர்ப்பு, அதற்குப் பிந்தைய வயதைவிட வலுவானது. நிச்சயதார்த்தத்தன்று வீட்டுக்குப் பூட்டு வாங்கப் போகிறோமா? குழந்தை பிறந்த சில மணி நேரத்திலேயே மஞ்சள் காமாலை பி வகைக்கு ஊசி போடுகிறோம். அதுவும் இரத்தத்தாலும் உடலுறவாலும் பரவுவதுதான். அதைப் போடும்போது யாரும் குழந்தையின் கல்யாணத்தைப் பற்றி நினைப்பதில்லை.

பலன் காகிதத்தில் மட்டும் இல்லை. ஸ்வீடனில் பதினாறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்து 2020இல் வெளியான ஆய்வு, பதினேழு வயதுக்கு முன் ஊசி போட்டவர்களிடம் இந்நோய் 88 சதவீதம் குறைவு என்று காட்டியது. ஸ்காட்லாந்தில் 1988 முதல் 1996 வரை பிறந்த பெண்களை 2024இல் ஆராய்ந்தபோது, 12, 13 வயதில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் இல்லை. இலங்கை 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்குத் தேசியத் திட்டத்தில் போடுகிறது. சிக்கிம் 2018இல் பள்ளிகள் வழியாகப் போட்டு, தகுதியுள்ள சிறுமிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோரை எட்டியது.

"ஆந்திராவில் பிள்ளைகள் செத்துப்போனார்களே?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. பொய் என்று தள்ளிவிட முடியாது. நடந்ததைச் சொல்ல வேண்டும். 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் ஒரு வெளிநாட்டு நிறுவனம் மாநில அரசுகளோடு சேர்ந்து சிறுமிகளுக்கு இந்த ஊசியைச் சோதனைத் திட்டமாகப் போட்டது. அந்தக் காலத்தில் ஏழு சிறுமிகள் இறந்தார்கள். விசாரணையில் நீரில் மூழ்கியது, பாம்புக்கடி, மலேரியா, பூச்சிமருந்து என்று வேறு காரணங்கள் வந்தன. ஊசிதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஆனால் வேறொன்று வெளியே வந்தது. பெற்றோர் போட வேண்டிய ஒப்புதல் கையெழுத்தைப் பல இடங்களில் விடுதிக் காப்பாளர்கள் போட்டிருந்தார்கள். பழங்குடிச் சிறுமிகள், என்ன ஊசி என்றே பலருக்குத் தெரியாது. நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் இதைக் கடுமையாகக் கண்டித்தது, கண்டித்தது சரி. மருந்தில் குறை இல்லாவிட்டாலும் கேட்காமல் செய்தது குறைதான். ஒரு தலைமுறை நம்பிக்கையை அது தின்றுவிட்டது.

அந்தச் சர்ச்சையால் 2010 ஏப்ரலில் நாட்டில் நடந்த ஹெச்பிவி ஊசி ஆய்வுகள் எல்லாவற்றையும் அரசு நிறுத்தியது. நிறுத்தப்பட்டவற்றில் ஒன்று, இரண்டு டோஸ் போதுமா, மூன்று வேண்டுமா என்று பார்ப்பதற்காகப் பல மாநிலங்களில் நடந்துகொண்டிருந்த ஒரு பெரிய ஆய்வு. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையும் அதன் மையங்களில் ஒன்று. திடீரென்று நின்றதால் ஏறத்தாழ 5,000 சிறுமிகளுக்கு ஒரு டோஸோடு போயிற்று. ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாமல் ஆண்டுதோறும் பின்தொடர்ந்தார்கள். பத்து ஆண்டு கழித்துப் பார்த்தால், 16, 18 வகைகள் தங்கிவிடாமல் தடுப்பதில் ஒரே டோஸ், இரண்டு மூன்று டோஸ்களுக்குக் கிட்டத்தட்ட இணையாக, 95 சதவீதம் வேலை செய்திருந்தது. 2021இல் முடிவுகள் வெளியாயின. கென்யா ஆய்வும் அதையே சொல்ல, 2022இல் உலக சுகாதார நிறுவனம் சிறுமிகளுக்கு ஒரு டோஸும் போதும் என்று அறிவித்தது. அப்போது திட்டமிட்டுச் செய்ய யாருக்கும் துணிவு வந்திராத ஒரு சோதனையை ஒரு தடையுத்தரவு செய்துவிட்டது. இன்று ஆப்பிரிக்க நாட்டுச் சிறுமி ஒருத்தி ஒரே ஊசியோடு வீடு திரும்புகிறாள் என்றால் அதில் அம்பிளிக்கைப் பக்கத்துப் பெண் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. இது நம் பாடப்புத்தகங்களில் இல்லை என்பதில் எனக்குச் சின்ன வருத்தம்.

நடைமுறைக்கு வருகிறேன். பூனாவின் சீரம் நிறுவனம் தயாரித்த செர்வாவேக் ஊசிக்கு 2022 ஜூலையில் அனுமதி கிடைத்து, 2023 ஜனவரியில் சந்தைக்கு வந்தது. 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளைத் தடுக்கும். முதல் இரண்டும் புற்றுநோய் தருபவை அல்ல, பிறப்புறுப்பு மருக்களைத் தருபவை. வெளிநாட்டு கார்டசில் 9 ஒன்பது வகைகளைத் தடுக்கும், விலை பல மடங்கு. தனியார் மருத்துவமனைகளில் பொதுவாக ஒன்பது முதல் பதினான்கு வயதுக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸ், பதினைந்துக்கு மேல் மூன்று டோஸ் என்று போடுகிறார்கள். தமிழ்நாடு அரசு 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில், பதினான்கு வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாக இலவசமாகப் போட 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது. ஆகவே காசு கொடுப்பதற்கு முன், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பள்ளியிலோ விசாரித்துவிடுவது நல்லது.

போட்ட பிறகு கை வலிக்கும், சிலருக்கு லேசான காய்ச்சல் வரும். இந்த வயதுப் பிள்ளைகளில் சிலர் ஊசியைப் பார்த்த பயத்திலேயே மயங்குவதுண்டு; அதனால்தான் பதினைந்து நிமிடம் உட்கார வைக்கிறார்கள். ஈஸ்ட் ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள் பிரசவம் வரை தள்ளிப்போட வேண்டும். பிள்ளை பிறக்காமல் போய்விடும் என்ற வதந்திக்கு எந்த ஆதாரமும் இல்லை. சொல்லப்போனால், இந்நோய்க்கான சிகிச்சைதான் பல பெண்களின் கருப்பையைப் பறிக்கிறது. ஆண் பிள்ளைகளுக்கும் போடலாம். தொண்டைப் புற்றுநோய் சிலவற்றுக்கும் இதே வைரஸ் காரணம் என்பதால் ஆஸ்திரேலியா 2013 முதல் போட்டுவருகிறது.

இவ்வளவும் கேட்டுவிட்டு அண்ணி, "சரி, எனக்கு நாற்பத்து மூன்று ஆகிறதே, எனக்கு?" என்றார். நான் அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அந்த வயதில் ஊசியைவிடப் பரிசோதனை முக்கியம். ஊசி போட்ட பெண்ணும் முப்பதைத் தாண்டினால் பரிசோதிக்கத்தான் வேண்டும், ஏனென்றால் எல்லா வகைகளையும் தடுக்கும் ஊசி இல்லை.

பரிசோதனை மூன்று விதம். கருப்பைவாயிலிருந்து செல்களை வழித்தெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது பாப் ஸ்மியர். வைரஸ் இருக்கிறதா என்றே பார்ப்பது ஹெச்பிவி பரிசோதனை. இதுதான் மிகத் துல்லியமானது, மாதிரியைப் பெண் தானே எடுத்துக் கொடுக்கவும் முடியும். மூன்றாவது, நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்வது. சமையலறை வினிகரில் உள்ள அதே அசிட்டிக் அமிலத்தை நீர்க்கக் கலந்து கருப்பைவாயில் தடவி ஒரு நிமிடம் பொறுக்கிறார்கள். மாற்றமடைந்த செல்கள் இருந்தால் அந்த இடம் வெளுத்துக் காட்டும். வெளுத்தாலே புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. பலருக்கு அது சாதாரண மாற்றம்தான், சிலருக்குப் புற்றுநோய்க்கு முந்தைய நிலை. முந்தைய நிலை என்றால், உறையவைத்தோ சுட்டோ அந்த இடத்தை மட்டும் அப்புறப்படுத்திவிடலாம், அன்றே வீட்டுக்கும் போகலாம்.

வெறும் வினிகரா என்று சிரிக்க வேண்டாம். 2000ஆம் ஆண்டு தொடங்கி, திண்டுக்கல் மாவட்டத்தின் 114 ஊர்த்தொகுதிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் முப்பது முதல் ஐம்பத்தொன்பது வயது வரையான பெண்களைப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் இந்த முறையில் பரிசோதித்தார்கள். ஒரே ஒரு முறை செய்ததிலேயே அந்த ஊர்களில் இந்நோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்தது. 2007இல் அந்த முடிவு வெளியான பிறகு, ஆய்வகமும் நிபுணரும் இல்லாத நாடுகள் பலவற்றுக்கு இது வழிகாட்டியாயிற்று.

சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1980களின் தொடக்கத்திலிருந்து பராமரிக்கும் பதிவேட்டில் இந்நோயின் விகிதம் தொடர்ந்து இறங்கிவந்திருக்கிறது. தாமதமான திருமணமும் குறைந்த பிரசவங்களும் அதற்குப் பெரிய காரணம். பரிசோதனையின் பங்கு அதில் குறைவுதான் என்று நினைக்கிறேன். ஏனென்றால் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, முப்பது முதல் நாற்பத்தொன்பது வயதுப் பெண்களில் எப்போதாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்தியாவில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர். நாட்டிலேயே அதிகம் என்ற பெருமை இந்த எண்ணிக்கைக்கு.

பத்து நாள் கழித்து அண்ணி மறுபடி அழைத்தார். இந்த முறை குரல் சத்தமாகவே இருந்தது. மாதவிடாய் முடிந்த கையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்வந்துவிட்டாராம். பிள்ளையின் ஊசியையும் அங்கேயே விசாரித்தாராம். படுக்கவைத்துக் கருவியை வைக்கும்போது சில்லென்று இருந்தது, வலி இல்லை, ஐந்து நிமிடத்தில் முடிந்தது, செவிலியர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். "நீ எப்போது எடுத்தாய்?" என்று கேட்டார்.

எனக்கு நாற்பத்தொன்று. பரிசோதனையே செய்துகொள்ளாத அந்தப் பத்தில் ஒன்பது பேரில் நானும் ஒருத்தி என்பதை அப்போது அவரிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது.